கண்ணாடி பார்த்துக் குத்திய பதக்கங்கள்

என் அக்காவின் கணவர் முடி திருத்துகிறவர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். தெருவுக்கு அவர் ‘கண்ணாடிக்காரர்’. மூக்குக்கண்ணாடி எதுவும் கிடையாது, பார்வையில் பழுதில்லை. ஆளை நேராகப் பார்க்காமல் கடைக் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பேசிப் பழகியவர் என்பதால் வந்த பெயர் அது. காலையிலிருந்து மாலைவரை யாராவது ஒருவர் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசினால் அப்படித்தான் ஆகும். தெருவில் யாராவது எதிரே வந்து சிரித்தால் அத்தான் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் கடந்துபோன பிறகு திரும்பி, பின்மண்டைச் சுழியைப் பார்த்துவிட்டு, “அட, நம்ம பூட்டுக்காரர்” என்பார். அதற்குள் பூட்டுக்காரர் இவருக்குத் தலைக்கனம் என்று முடிவுகட்டியிருப்பார்.

கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அவர் அக்காவிடம் கேட்டதே எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துத்தான். “என்னைக் கேக்கறாரா, அலமாரியைக் கேக்கறாரான்னு ஒரு நிமிஷம் தடுமாறிட்டேன்” என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் நிறையச் சிரிப்பாள்.

கடை சின்னதுதான். இரண்டு நாற்காலி. ஒன்று உட்கார்ந்தால் பின்னால் மல்லாத்திவிடும், அதனால் அதில் துண்டுகள்தான் உட்காரும். சுவர் முழுக்க ஒரு பெரிய கண்ணாடி, ஓரங்களில் ரசம் போனது. அதன் முன்னால் சீப்புகள், கத்தரிகள், படிகாரக் கட்டி, தண்ணீர் தெளிக்கும் புட்டி. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுகிற வரைக்கும் எனக்குப் போக்கிடம் அந்தக் கடைதான்.

இடது வலது விஷயத்தில் அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. முன்பு ஒரு மாப்பிள்ளை, கல்யாணத்தன்று காலையில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே “வலப்பக்கக் கிருதாவைக் கொஞ்சம் ஏத்துங்க” என்றிருக்கிறார். அவர் மனதில் இருந்தது எந்த வலம், அத்தான் எடுத்துக்கொண்டது எந்த வலம் என்று அவர்கள் இருவருக்குமே கடைசிவரை விளங்கவில்லை. மாப்பிள்ளை ஒரு கன்னம் கிருதாவும் மறு கன்னம் வெறுமையுமாகப் போய்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றார். அன்றிலிருந்து அத்தான் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். கண்ணாடிக்குள் இருப்பவன் ஒரு தனி ஆள். அவன் நம்மைப் பார்த்து நிற்கிறான். அவனுடைய வலக்கை எதுவோ அதுதான் இந்தக் கடையில் வலது. அதாவது, நமக்கு எது இடதோ அது. இதை வைத்து நான் அவரோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். “எந்த ஊர்லயும் இல்லாத வழக்கமா இருக்கே அத்தான்” என்றால், கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, “கடைக்குள்ள வந்துட்டா இதான்டா ஊரு” என்பார். வாடிக்கையாளர்களும் பழகிப் போனார்கள். மனிதனுக்கு எதுதான் பழகாது.

அவர்களுக்கு ஒரே பையன். எங்கள் தெருவில் முந்திரிக்கொட்டை என்றால் அவன்தான். பிறந்ததே நாள் நிறையும் முன்னால். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான், பேருந்து நிற்பதற்குள் ஏறிவிடுவான், சோறு வேகும் முன் தட்டை நீட்டுவான். என் வேனில் வந்த காலத்தில் கதவு திறந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் இடித்துக்கொண்டு முதலில் குதிக்கிறவன் அவன்தான். “மெதுவாடா” என்று அக்கா கத்தாத நாள் கிடையாது. எல்லையில் சண்டை மூண்டு, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த வரிசையிலும் முதல் ஆளாகப் போய் நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து சொன்னதே அதற்குப் பிறகுதான்.

அவனை வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். ஏறுவதற்கு முன் அக்கா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “எங்கயும் முந்திக்காத. முன்னாடி போறவனைத்தான் முதல்ல சுடுவாங்க. இத்தனை நாள் நான் சொன்ன எதையும் நீ கேக்கல. இது ஒண்ணை மட்டும் கேளு. எப்பவும் கடைசி ஆளா இரு” என்றாள். அவன் சரி சரி என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் இடித்துக்கொண்டு முதலில் ஏறினான். அதற்குப் பிறகு அவன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவள் கடைசியாகச் சொல்லி வைப்பது அதுதான். கடைசி ஆளா இரு.

அவன் திரும்பி வரவில்லை. ஒரு பாலத்தருகே நடந்த சண்டையில் போய்விட்டான். அந்த நாட்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை, எழுதவும் வராது.

பிறகு பதக்கங்கள் வந்தன. ஒன்று சண்டையில் இருந்த எல்லோருக்கும் கொடுப்பது. மற்றொன்று வீரத்துக்கு. பெரிய அரங்கில், பெரிய அதிகாரி ஒருவர், அக்காவின் கையில் பெட்டியைக் கொடுத்தார். அதற்கு முன் ஒருவர் ஒலிபெருக்கியில் வாசித்தார்: “எதிரிகளின் கடும் தாக்குதலுக்கு நடுவே, ‘நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன்’ என்று தோழர்களிடம் கூறி, அவர்கள் அனைவரும் பாதுகாப்பாக விலகிச் செல்லும்வரை கடைசி ஆளாக நின்று போரிட்டு…”

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெருமையில் கால் தளர்ந்துவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள், ஒரு பத்திரிகை அப்படியே எழுதவும் செய்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: “பிறந்ததுலேர்ந்து ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டான்டா. அதுலயே போயிட்டான்.”

அத்தானும் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். முன்னேறிப் போகும்போது கடைசி ஆள் தப்பிப்பான், பின்வாங்கும்போது கடைசி ஆள்தான் மாட்டுவான், அது உனக்கு எப்படித் தெரியும் என்றோம். சொல்லியிருக்கவே கூடாது, அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அது முழுசாக உறைத்தது. சமாதானம் சொல்வதில் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

அதோடு அக்கா யாருக்கும் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டாள். தெரு முழுக்க யோசனை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். எந்தக் கடையில் பருப்பு நல்லது, எந்த வைத்தியர் கைராசிக்காரர், எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் வருவார்கள். இப்போது என்ன கேட்டாலும் “உங்க இஷ்டம்” என்றாள். பக்கத்து வீட்டுக் குழந்தை மதில்மேல் ஏறி நின்றபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், இறங்கு என்று சொல்லவில்லை. நான்தான் ஓடிப்போய்க் குழந்தையை இறக்கிவிட்டேன்.

அத்தானுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. பையன் தானாக நின்றானா, விட்டுவிட்டு வந்தார்களா? தானாக நின்றிருந்தால் பதக்கம் உண்மை, அக்கா பிழைக்க மாட்டாள். விட்டுவிட்டு வந்திருந்தால் அக்கா பிழைப்பாள், பதக்கம் வெறும் தகரம். எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என்று அவருக்கே தெரியவில்லை. பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பார். உட்கார்ந்திருக்கிறவர் இருமுவார். “முந்திரிக்கொட்டைடா அவன். அவன் எப்படிடா கடைசியா நின்னான்?” என்று என்னைக் கேட்பார். எனக்கென்ன தெரியும்? ராணுவ அலுவலகத்தில் கேட்டால் அதே வாசகத்தை மறுபடி வாசித்துக் காட்டினார்கள். சாவுக்கு வந்திருந்த இரண்டு சிப்பாய்களைக் கேட்டபோது அவர்கள் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சண்டையில் இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் ஒரு நினைவுக் கூட்டம் நடக்கும். பிழைத்து வந்தவர்களும் அதற்கு வருவார்கள். அங்கே போனால் பாலத்தில் இருந்த யாராவது அகப்படுவார்கள் என்று அத்தான் நினைத்தார். அக்கா வரவில்லை என்றாள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். பதக்கங்களைக் குத்திக்கொண்டு வர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். “நீங்க அப்பாங்கறதால வலப்பக்க நெஞ்சுல குத்திக்கணும். சண்டையில நின்னு அதைச் சம்பாதிச்சவங்க மட்டும்தான் இடப்பக்கம் போடுவாங்க” என்றார் பேசியவர். அத்தான் வழக்கம்போல, “யாரோட வலது?” என்று கேட்டார். அந்த ஆள் இவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கூட்டத்தன்று காலை அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடையைத் திறந்தார். வீட்டுக் கண்ணாடி அவருக்குச் சரிப்படவில்லை. நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அங்கே அவர் தனக்காக நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்தார், கண்ணாடிக்குள் நின்ற ஆளின் வலப்பக்க நெஞ்சில் இரண்டு பதக்கங்களையும் கவனமாகக் குத்தினார், பட்டையை நீவிவிட்டார். நான் வாசலில் நின்று கூட்டத்துக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்றெல்லாம் நான் கவனிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் பக்கத்தில் இருப்பவர் நெஞ்சையா பார்த்துக்கொண்டு வருவான்?

அரங்க வாசலில் நின்றவர் அத்தானைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அத்தான் பதிலுக்குக் கையைத் தலைவரை கொண்டுபோய், என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். எங்களைப் பின்வரிசையில், முன்னாள் சிப்பாய்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். ஒருவர் அத்தானின் தோளில் தட்டி “நல்லா இருக்கீங்களா அண்ணே” என்றார். இன்னொருவர் அவர் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டு, எனக்கு இல்லை என்பதுபோல் பார்த்தார்.

“என்னடா, யாரும் என்னை ஐயோ பாவம்னு பாக்கல?” என்று அத்தான் என் காதில் கேட்டார்.

“நல்லதுதானே. குடிங்க” என்றேன்.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அவருடைய பதக்கம் வலப்பக்கம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவருக்கும் வலப்பக்கம்தான். நான் அத்தானின் நெஞ்சைப் பார்த்தேன்.

“அத்தான், பக்கம் மாறிப்போச்சு.”

“எது?”

“பதக்கம். வலதுல குத்தச் சொன்னாங்க.”

“வலதுலதான் இருக்கு.”

“உங்க கடை வலதுல இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு விளங்குவதற்குள் மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பெயராக வந்தது. பையனின் முறை வந்தது. ‘நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன்’ என்ற இடத்தில் அத்தான் எழுந்துவிட்டார். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பின்பக்கம் ஒரு நீளமான தாழ்வாரம், கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. அங்கே ஏற்கெனவே ஒருவன் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ரொட்டிக் கம்பெனிச் சட்டை போட்டிருந்தான், வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். பையனைவிடக் கொஞ்சம் மூத்தவன். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“உங்களுக்கும் கேக்க முடியலையா அண்ணே?”

“முடியல” என்றார் அத்தான்.

“போன வருஷமும் வந்தேன். இந்த இடம் வந்ததும் எழுந்து வந்துட்டேன்.” அத்தானின் நெஞ்சைப் பார்த்தான். “இது ஆத்தங்கரைச் சண்டைக்குக் குடுத்ததாச்சே. மேட்டுப்பக்கம் இருந்தீங்களா?”

அத்தான் தலையை அசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

“உங்க வயசுல எல்லாரும் சமையல், இல்லன்னா வண்டி. நீங்க?”

“முடி வெட்டறவன்.”

“முடி வெட்டப் போன இடத்துல வீரப்பதக்கமா? பெரிய ஆளுதான் அண்ணே நீங்க.”

நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்காலியில் அசைகிற குழந்தையின் தலையை அமுக்கிப் பிடிப்பாரே, அந்தப் பிடி. வாயை மூடிக்கொண்டேன்.

“நீ எங்க இருந்த தம்பி?” என்று கேட்டார்.

“பாலத்துல.”

“அப்ப, இப்ப வாசிச்சாங்களே, அந்தப் பையனைத் தெரியுமா?”

அவன் குழாயை மூடினான். “தெரியும்.”

“அவன் தானா நின்னானா, விட்டுட்டு வந்தீங்களா?”

அவன் என்னைப் பார்த்தான். அத்தான், “என் மச்சினன். சொல்லு” என்றார். உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது. அவன் அது அடங்கும்வரை காத்திருந்தான்.

“நீங்களும் அன்னிக்கு மேட்டுலேர்ந்து பின்வாங்கினவர்ங்கறதால சொல்றேன் அண்ணே. வேற யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. நாங்க எல்லாரும் இந்தக் கரையில. அவன் மட்டும் அந்தக் கரையில, ஒரு செங்கல் கொட்டகையில. கம்பியில்லாக் கருவி வேலை செய்யல. ஓடிப்போய் அவனைக் கூட்டிட்டு வான்னு என்னை அனுப்பினாங்க. பாதிப் பாலம் வரைக்கும் போனேன். குண்டு விழுந்துச்சு. படுத்துட்டேன். எழுந்தப்ப கால் இந்தப் பக்கமா நடக்குது. நான் முடிவெல்லாம் பண்ணல அண்ணே. கால் நடந்துச்சு.”

“அப்புறம்?”

“சொல்லிட்டியான்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்னேன். என்ன சொன்னான்னாங்க. நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்னு சொன்னான்னேன். வாயில வந்துச்சு, சொன்னேன். அதைத்தான் எழுதி வாசிக்கறாங்க. அவன் அப்படிச் சொல்லவே இல்ல. அவனுக்கு எதுவுமே தெரியாது. நாங்க பின்னாடி இருக்கோம்னு நினைச்சுச் சுட்டுக்கிட்டே இருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் நாங்க நடந்தோம். அவன் சுட்டதாலதான் நாங்க இத்தனை பேர் தப்பிச்சோம். அது பொய் இல்ல. அது ஒண்ணுதான் பொய் இல்ல.”

அத்தான் கோப்பையிலிருந்த தேநீரைக் குழாயடியில் கொட்டினார்.

“நீங்க சொல்லுங்க அண்ணே” என்றான் அவன். “நீங்களும் திரும்பினவர்தானே. உங்க ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டீங்களா? நீங்களா இருந்தா அந்தப் பாதிப் பாலத்துலேர்ந்து போயிருப்பீங்களா?”

அத்தான் கோப்பையை என்னிடம் கொடுத்தார். குனிந்து, இடப்பக்க நெஞ்சிலிருந்த பதக்கங்களைக் கழற்றத் தொடங்கினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஊசி அகப்படவில்லை. ஒரு தடவை விரலில் குத்திக்கொண்டார். கழற்றி எடுத்து, வலப்பக்கத்தில், தன்னுடைய சொந்த வலப்பக்கத்தில், கோணலும் மாணலுமாகக் குத்தினார். பிறகு நிமிர்ந்து அந்த இளைஞனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

சிப்பாய்க்கு அதற்கு அர்த்தம் தெரியாமல் இருக்குமா? அவன் முதலில் பதக்கத்தைப் பார்த்தான். பிறகு அத்தானின் நெற்றியை, மூக்கை, தாடையைப் பார்த்தான். பையனுக்கு அப்படியே அத்தானின் தாடை. அவன் சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டான்.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம் அக்கா பிழைத்துவிட்டாள் என்று உள்ளே ஒரு சந்தோஷம், அந்தச் சந்தோஷத்துக்காக என்மேலேயே ஒரு அருவருப்பு. அந்தப் பொய்யை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் பதக்கமே வந்திருக்காது. பதக்கம் வராமல் இருந்திருந்தால் அக்கா இப்படி ஆகியிருக்க மாட்டாள். தெரியாமல் நின்றவனை வீரன் என்று சொல்லலாமா? தெரியாமல் நின்றாலும் இத்தனை பேரைக் காப்பாற்றினானே? இன்றுவரை எனக்கு இது பிடிபடவில்லை. பிடிபட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன் போலிருக்கிறது. அத்தான் என்னைப் பார்க்காமலே, “சும்மா இரு” என்றார்.

“ஐயா” என்றான் அவன். அண்ணே என்பது போய்விட்டிருந்தது. “நான்… எழுதிக் குடுத்துடறேன் ஐயா. அலுவலகத்துல போய் நிஜத்தைச் சொல்லிடறேன்.”

“அது எனக்குத் தெரியாது” என்றார் அத்தான். “அவங்க பதக்கத்தைத் திரும்ப வாங்குவாங்களா, மாத்தி எழுதுவாங்களா, அதெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியல. நீ எங்க வீட்டுக்கு வா. இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே என் பொண்டாட்டிகிட்ட சொல்லு.”

“அம்மாகிட்டயா? என்னால முடியாது ஐயா.”

“அவ உன்னை என்ன வேணா சொல்லுவா. சொல்லட்டும். ரெண்டு வருஷமா தன்னைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா. பையன் தன் பேச்சைக் கேட்டுத்தான் செத்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா. சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பா. நீதான் சொல்லணும்.”

அவன் வரமாட்டான், ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஓடிப் பழகியவன்தானே என்றுகூட நினைத்தேன், அவ்வளவு கோபம். ஆனால் வந்தான். என் வேனில் எல்லாம் பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கைகள். முழங்கால் மோவாயில் இடிக்க, ரொட்டிக் கம்பெனிச் சட்டையோடு அவன் அதில் மடங்கி உட்கார்ந்து வந்தான். வேன் கண்ணாடியில் பார்த்தேன், அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அக்கா கடைத் துண்டுகளைக் கொடியிலிருந்து எடுத்து வந்து கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான், “இவன் பாலத்துல இருந்தவன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றார். அக்கா உட்காரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவன் கதவருகே நின்றபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். கொட்டகை, பாதிப் பாலம், திரும்பிய கால், சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. அக்கா மடித்துக்கொண்டே கேட்டாள். அவன் நிறுத்திய பிறகும் ஒரு துண்டை மடித்தாள்.

“அப்ப அவன்கிட்ட யாரும் எதுவும் சொல்லலையா?”

“இல்லம்மா.”

“நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்னு அவன் சொல்லலையா?”

“அது நான் சொன்னதும்மா. அவன் சொல்லல.”

“அவன் எப்பவும் கடைசியா நிக்கற ஆளா இருந்தானா, அங்க?”

அந்த இளைஞன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். கேள்வி அவனுக்குப் புரியவில்லை.

“கடைசியாவா? அவனா?” என்றான். “காலையில ஓட விட்டா அவன்தான் முதல்ல ஓடுவான். சோத்து வரிசையில அவன்தான் முதல்ல. வண்டி வந்தா அவன்தான் முதல்ல ஏறுவான். எங்க சார்ஜென்ட் எத்தனையோ தடவை அதுக்குத் திட்டியிருக்காரு. அந்தச் செங்கல் கொட்டகைக்குக்கூட யார் போறீங்கன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள அவன் பையைத் தூக்கிட்டுப் போயிட்டான்மா. அதனாலதான் அவன் அந்தக் கரையில இருந்தான்.”

அக்கா கையிலிருந்த துண்டைக் கட்டிலில் போட்டாள்.

“அப்ப அவன் நான் சொன்னதைக் கேக்கவே இல்ல” என்றாள்.

அத்தானின் பக்கம் திரும்பினாள்.

“கேக்க மாட்டான்” என்றாள். “என் பேச்சை என்னிக்குக் கேட்டான், கழுதை.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். “எத்தனை தடவைடா சொன்னேன், முந்திக்காதன்னு? கழுதை, கழுதை” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. எழுந்து போய் அந்த இளைஞனின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அவன் நகரவில்லை, கையை உயர்த்தவில்லை. நான் தடுக்கப் போனேன், அத்தான் என்னை விடவில்லை.

“ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதாடா?” என்று அக்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “பாதிப் பாலத்துல நின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா போதுமே. உங்க எல்லாருக்கும் முன்னாடி ஓடி வந்திருப்பானேடா.”

“வந்திருப்பான்மா” என்றான் அவன்.